நகரம் வகுப்போர் கற்ற கல்வி

நோய் வந்தால் வைத்தியரை நாடுகிறோம். வழக்கு வந்தால் வக்கீலைத் தேடிப் போகிறோம். அவர் எங்கே படித்தார், யாரிடம் பழகினார் என்று நாலு பேரிடம் விசாரித்த பிறகே நம் உடலையோ உடைமையையோ அவரிடம் ஒப்படைக்கிறோம். ஆனால், நாம் குடியிருக்கும் தெரு இத்தனை அடி அகலம் இருக்கட்டும், இங்கே கடைகள் வரட்டும், அங்கே சாக்கடை ஓடட்டும், இன்ன சம்பளக்காரர் இன்ன திசையில் வசிக்கட்டும் என்றெல்லாம் முடிவு செய்தவர் எந்தப் பள்ளியில் என்ன பாடம் கற்றவர் என்று நம்மில் யாரும் கேட்பதில்லை. பிழைப்பின் பொருட்டும் உத்தியோகத்தின் பொருட்டும் டில்லி, பம்பாய், கல்கத்தா, ஜாம்ஷெட்பூர் என்று வந்து குடியேறிய தமிழ் மக்கள் இதைக் கேட்டே ஆகவேண்டும். பிறந்த ஊரில் பாட்டன் கட்டிய வீடு இருக்கிறது. எந்தத் தெரு யாருடையது என்பது வழிவழியாகத் தெரியும். வந்த ஊரிலோ, முன்பின் அறியாத ஒருவர் வரைந்த படத்தில் நமக்கென்று ஒரு கட்டம் இருந்தால் உண்டு, இல்லையேல் இல்லை.

அந்தப் படத்தை வரைவோருக்கு நம் நாட்டில் கல்வி தோன்றிய வரலாறு, ஒரு கப்பல் கடலில் மூழ்கியதிலிருந்து தொடங்குகிறது. 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதி இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பலாகிய எம்டன் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளின் மீது குண்டு வீசிய செய்தியைத் தமிழர் மறந்ததில்லை. கெட்டிக்காரனையும் முரடனையும் ‘எம்டன்’ என்று அழைக்கும் வழக்கம் அதனால் வந்தது. அதே எம்டன், அடுத்த மாதம் மினிக்காய்த் தீவுக்கு அருகில் கிளான் கிராண்ட் என்ற சரக்குக் கப்பலைப் பிடித்து மூழ்கடித்தது. அக்கப்பலில் இருந்த சரக்குகளில் ஒன்று, உலகத்து நகரங்களைப் பற்றிய ஒரு கண்காட்சி. படங்கள், வரைபடங்கள், பழைய ஊர்களின் சித்திரங்கள் எனப் பல ஆண்டுகள் தேடிச் சேர்த்த செல்வம் அது. அதன் உடைமையாளர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பாட்ரிக் கெடிஸ். சென்னைக் கவர்னராக இருந்த பெண்ட்லண்ட் பிரபுவின் அழைப்பின் பேரில், வேறொரு கப்பலில் அவர் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தார்.

சரக்கு போனால் போகட்டும் என்று அவர் திரும்பிவிடவில்லை. இங்கிலாந்தில் இருந்த நண்பர்கள் புதிதாகப் படங்களைத் திரட்டி அனுப்பினர். 1915ஆம் ஆண்டு ஜனவரி மாதம், சேப்பாக்கத்தில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தில் அக்கண்காட்சி நடைபெற்றது. நகரமைப்பு என்பது தனியாகக் கற்க வேண்டிய ஒரு துறை என்பதை நம் மக்கள் பலர் முதன்முதலில் உணர்ந்தது அங்கேதான் எனலாம். உலகிலேயே இத்துறைக்கென்று ஒரு பல்கலைக்கழகப் பிரிவு, இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில், 1909ஆம் ஆண்டில்தான் தோன்றியிருந்தது. ஆகவே நாம் அவ்வளவாகப் பின்தங்கியிருக்கவில்லை. பின்தங்கியது அதற்குப் பிறகுதான்.

கெடிஸ் பொறியாளர் அல்லர். கட்டடக் கலைஞரும் அல்லர். அவர் தாவரவியல் பேராசிரியர். செடியைப் பிடுங்கிப் பார்க்காமல் அது நிற்கும் மண்ணையும் வெயிலையும் சேர்த்துப் பார்க்கப் பழகியவர், ஊரையும் அப்படியே பார்த்தார். எடின்பரோவில் இடிந்து கிடந்த பழைய குடியிருப்பு ஒன்றில் தாமே மனைவியுடன் குடியேறி, அதைச் சீராக்கிக் காட்டியவர். அந்நாளில் இந்திய நகரங்களைச் சீர்திருத்தும் பொறுப்பு, ‘இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட்’ என்னும் அமைப்புகளிடம் இருந்தது. 1896இல் பிளேக் நோய் பம்பாயைத் தாக்கியதையடுத்து 1898இல் அங்கே முதல் டிரஸ்ட் ஏற்பட்டது. கல்கத்தாவில் 1912இல் ஏற்பட்டது. இவற்றில் வேலை பார்த்தவர்கள் திறமை மிக்க பொறியாளர்கள். ஆனால் அவர்கள் கற்ற கல்வி சாலைக்கும் சாக்கடைக்கும் உரியது. நெருக்கமான பேட்டை ஒன்றைக் கண்டால், அதன் நடுவே நேர்கோடாக ஓர் அகலமான சாலையைக் கிழிப்பதே அவர்கள் அறிந்த மருந்து. சாலை வந்தது, காற்று வந்தது. அங்கே குடியிருந்தவர்கள் அடுத்த பேட்டைக்குப் போய் அங்கே நெருக்கத்தை இரட்டிப்பாக்கினார்கள்.

கெடிஸ் தஞ்சாவூருக்கும் மதுரைக்கும் பிற ஊர்களுக்கும் சென்று, சந்து சந்தாக நடந்து பார்த்து அறிக்கைகள் எழுதினார். தஞ்சைக் கோட்டைப் பகுதியில் பொறியாளர் வகுத்திருந்த நேர்சாலைத் திட்டத்தை எடுத்துக்கொண்டு, இடிந்து பாழாய்க் கிடக்கும் சில சுவர்களை மட்டும் அகற்றி, இருக்கும் சந்துகளையே கொஞ்சம் விரித்து, அங்கங்கே ஒரு மரமும் திண்ணையும் அமையும்படி சிறு வெளிகளை உண்டாக்கினால் போதும், செலவும் ஒரு சிறு பங்கே ஆகும் என்று கணக்கிட்டுக் காட்டினார். உறுப்பைக் காப்பாற்றிக் கொண்டே செய்யும் ரண சிகிச்சைக்கு இம்முறையை அவர் ஒப்பிட்டார். நாடி பார்க்காமல் மருந்து கொடுக்கலாகாது என்பது அவர் கொள்கை. நம் நாட்டு வைத்தியர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நகர அதிகாரிகளுக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது.

அவருடைய கல்வி முறை வகுப்பறையோடு நிற்கவில்லை என்பதற்கு இந்தூரில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். முதல் உலகப் போரின் இறுதி ஆண்டுகள் அவை. அவருக்கும் சோதனைக் காலம். 1917ஆம் ஆண்டில் மூத்த மகன் பிரான்சுப் போர்க்களத்தில் மாண்டான். அதே ஆண்டில் மனைவி ஆனாவும் இந்தியாவில் காய்ச்சல் கண்டு இறந்தார். அத்துயரத்தின் நடுவே இந்தூர் சமஸ்தானத்துக்கு நகரத் திட்டம் வகுக்கச் சென்ற கெடிஸ், பிளேக் நோயால் அஞ்சிக் கிடந்த ஊரைக் கண்டார். அளவுகோலுடன் தெருவில் திரியும் வெள்ளைக்காரரை மக்கள் நம்பவில்லை. வீட்டை இடிக்க வந்தவர் என்று ஒதுங்கினார்கள். அவர் மன்னரிடம் ஒரு விசித்திரமான வரம் கேட்டார்: தம்மை ஒரு நாளைக்கு ராஜாவாக்க வேண்டும் என்று.

மன்னரும் இசைந்தார். தீபாவளி ஊர்வலம் வழக்கமான வீதிகளில் போகாது, எந்தத் தெருவில் வீடுகள் அதிகம் துப்புரவாகி, பழுது பார்க்கப்பட்டிருக்கின்றனவோ அந்தத் தெருவழியே போகும் என்று பறைசாற்றினார். அவ்வளவுதான், ஊரில் வெள்ளையடிப்பும் ஓடு மாற்றலும் மும்முரமாயின. வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது. ஊர்வலத்தில் யானைகளும் குதிரைகளும் சென்றன. அசுத்தம் என்னும் அசுரனின் பெரிய உருவமும் பிளேக் எலியின் உருவமும் சென்றன. தெருக் கூட்டும் தொழிலாளர்கள் வெள்ளாடை உடுத்தி மாலை சூடி நடந்தார்கள். அவர்களை ஊர் எந்த இடத்தில் வைத்திருந்தது என்பதை அறிந்தவர்களுக்கே அக்காட்சியின் பொருள் விளங்கும். முடிவில் அசுரனும் எலியும் தீக்கிரையாயினர். வீடுகளுக்குத் துளசிச் செடி வழங்கப்பட்டது. கெடிஸ் தெருவில் நடந்தால் ‘அதோ நம் கிழட்டு ராஜா’ என்னும் பாவனையில் மக்கள் அவரைப் பார்க்கத் தொடங்கிய பிறகே அவரால் அந்நகரின் நாடியைப் பிடிக்க முடிந்தது.

1919ஆம் ஆண்டில் பம்பாய்ப் பல்கலைக்கழகம் ‘சமூகவியலும் குடிமையியலும்’ என்று ஒரு பிரிவை நிறுவி, அதன் முதல் பேராசிரியராகக் கெடிஸை அமர்த்தியது. நகரமைப்புக்கு இந்தியாவில் ஒரு கல்விக்கூடம் பிறக்க வேண்டிய இடம் இதுதான். பொறியாளனும் பொருளியல் படித்தவனும் சமூக ஆராய்ச்சியாளனும் ஒரே அறையில் அமர வேண்டும், பிறகு ஒரே தெருவில் நடக்க வேண்டும் என்பது அவர் கனவு. ஆனால் 1924இல் உடல்நலம் குன்றி அவர் நாட்டை விட்டுச் சென்றார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜி. எஸ். குர்யே பேரறிஞர், கேம்பிரிட்ஜில் பயின்றவர், இந்திய சமூகவியலை வளர்த்த முன்னோடி. அவர் காலத்தில் அப்பிரிவு சாதி, குலம், உறவுமுறை ஆகியவற்றைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் புகழ்பெற்றது. நகரத்தை வகுப்போரைப் பயிற்றும் வேலை மட்டும் நின்றுபோயிற்று. குர்யேயைக் குறை சொல்வதற்கில்லை; அவர் தம் துறையைச் செவ்வனே செய்தார். ஆயினும் மனிதரை அறியும் கல்வி ஒருபுறமும், மனையை அளக்கும் கல்வி மறுபுறமுமாக அன்று பிரிந்தன. அதன் பலனை நாம் இன்றுவரை அனுபவிக்கிறோம் என்பதே என் கருத்து.

சட்டங்கள் வராமல் இல்லை. பம்பாய் மாகாணத்தில் 1915ஆம் ஆண்டிலும், சென்னை மாகாணத்தில் 1920ஆம் ஆண்டிலும் நகரமைப்புச் சட்டங்கள் இயற்றப்பட்டன. அச்சட்டங்களை நிறைவேற்றுவோருக்குத்தான் பள்ளிக்கூடம் இல்லை. ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம், இங்கிலாந்து சென்று படித்துவர வசதி படைத்த ஒரு சிலரும், மராமத்து இலாகாவில் வேலை பார்த்துக்கொண்டே அனுபவத்தால் கற்றுக்கொண்டவர்களுமே இத்துறையை நடத்தினார்கள்.

1947ஆம் ஆண்டுப் பிரிவினை இந்தச் சோம்பலைக் கலைத்தது. லட்சக்கணக்கான அகதிகளுக்கு வீடும் தெருவும் கடையும் உடனே வேண்டியிருந்தன. பரீதாபாத், நீலோக்கேரி, உல்லாஸ்நகர் என்று புதிய ஊர்கள் எழுந்தன. ஆள் எங்கே? ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி 1939இல் மைசூர் சமஸ்தானத்துக்கு வந்து சேர்ந்த ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் என்ற யூதக் கட்டடக் கலைஞர், ஜாம்ஷெட்பூருக்கும் புவனேசுவரத்துக்கும் திட்டம் வகுத்திருந்தார். மத்திய அரசு அவரை வீட்டு வசதி டைரக்டராக நியமித்தது. 1951இல் அவர் லண்டன் சென்றார். அங்கே 1954இல் தொடங்கிய வெப்பநாட்டுக் கட்டடக்கலைப் பிரிவைப் பின்னர் தலைமை ஏற்று நடத்தி, பல நாட்டு மாணவர்களைப் பயிற்றுவித்தார். இந்திய மண்ணில் அவர் கற்ற பாடத்தை, கப்பலேறிச் சென்று கட்டணம் கட்டிக் கற்க வேண்டிய நிலை நமக்கு ஏற்பட்டது ஒரு வேடிக்கை.

அதற்குள் இங்கும் கதவுகள் திறந்தன. 1949இல் கல்கத்தாவை அடுத்த சிப்பூரில், வங்காளப் பொறியியல் கல்லூரியில் கட்டடக்கலையோடு நகர, வட்டார அமைப்புக்கும் ஒரு பிரிவு தோன்றியது. 1951 ஜூலை 8ஆம் தேதி இந்திய நகரமைப்பாளர் நிறுவனம் அமைந்தது. வேலை பார்த்துக்கொண்டே படித்து, அதன் தேர்வில் தேறித் தகுதி பெறும் வழியும் ஏற்பட்டது. இது சாதாரண உதவியன்று. பகலில் வரைபட மேசையில் குனிந்தும் இரவில் புத்தகத்தில் குனிந்தும் எத்தனையோ எளிய குடும்பத்து இளைஞர்கள் அவ்வழியே மேலே வந்தார்கள்.

1954ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வீட்டு வசதியையும் சமுதாய மேம்பாட்டையும் பற்றி ஐக்கிய நாடுகள் சபையின் வட்டாரக் கருத்தரங்கு ஒன்று புதுடில்லியில் நடைபெற்றது. அதை முன்னின்று நடத்தியவர் ஜாக்குலின் டிர்விட் என்னும் அம்மையார். கெடிஸ் எழுதி, அலுவலகங்களில் தூசி படிந்து கிடந்த இந்திய அறிக்கைகளைத் தொகுத்து 1947இல் நூலாக வெளியிட்டவரும் இவரே. மறு ஆண்டில், 1955இல், மத்திய அரசு டில்லியில் நகர, கிராம அமைப்புப் பள்ளியை நிறுவியது. டில்லி பாலிடெக்னிக்கில் 1941 முதல் இயங்கிவந்த கட்டடக்கலைப் பிரிவும் இப்பள்ளியும் 1959இல் ஒன்றாகி, இன்று நாம் அறிந்துள்ள திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளி ஆயின. அதன் முதல் டைரக்டர் டி. ஜே. மாணிக்கம். பெயரைக் கேட்டதும் நம் காது நிமிர்வது இயல்பே.

அப்பள்ளி பிறந்த காலத்து டில்லியை நினைத்துப் பார்க்க வேண்டும். யமுனை தன் போக்கைச் சற்று மாற்றியதால், நஜப்கர் வாய்க்காலின் கழிவு, வசீராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடத்தை எட்டியது. 1955ஆம் ஆண்டின் இறுதியிலும் 1956இன் தொடக்கத்திலும் 29,000 பேருக்கு மேல் மஞ்சள் காமாலை கண்டது. நகரம் கண்மூடித்தனமாக வளர்ந்தால் விளைவு குழாய்வழியே வீட்டுக்கு வரும் என்பதைத் தலைநகரம் கண்டுகொண்டது. 1957இல் டில்லி வளர்ச்சி ஆணையம் சட்டப்படி ஏற்பட்டது. போர்டு பவுண்டேஷன் அனுப்பிய நிபுணர் குழு, ஆல்பர்ட் மேயரின் தலைமையில், இந்திய அதிகாரிகளுடன் சேர்ந்து உழைத்தது. 1962இல் டில்லியின் முதல் மாஸ்டர் பிளான் அமலுக்கு வந்தது. அத்திட்டத்தைத் தயாரித்த அலுவலகமே இளம் நகரமைப்பாளர்களுக்கு ஒரு பயிற்சிக்கூடமாக இருந்தது.

இந்த மேயர், 1948இல் உத்தரப் பிரதேசத்து எட்டாவாவில் கிராம மக்களோடு வேலை செய்து ஒரு முன்னோடித் திட்டத்தை நடத்தியவர். நாடு முழுவதற்குமான சமுதாய வளர்ச்சித் திட்டம் 1952 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்குவதற்கு அது ஒரு முன்மாதிரி. கிராமத்தில் செய்ததை நகரத்திலும் செய்யலாமே என்று 1958இல் டில்லி மாநகராட்சி, நகர சமுதாய வளர்ச்சி என்று ஒரு முயற்சியைத் தொடங்கியது. பேட்டைதோறும் ‘விகாஸ் மண்டல்’ அமைத்து, குடியிருப்போரே தெருவிளக்கு, கழிப்பிடம், முதியோர் வகுப்பு ஆகியவற்றுக்கு முன்வரும்படி செய்ய ஊழியர்கள் பயிற்றப்பட்டனர். 1967இல் ஐதராபாத்திலும் இத்தகைய திட்டம் தொடங்கியது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மக்களோடு பேசப் பழகிய இந்த ஊழியர் ஓர் இலாகா. படம் வரையும் வல்லுநர் வேறோர் இலாகா. ஒருவர் சொன்னது மற்றவர் மேசைக்குப் போய்ச் சேர்வது அபூர்வம். பம்பாயில் 1924இல் பிரிந்தவை மீண்டும் கூடவில்லை.

பிறகு பள்ளிகள் பெருகின. 1972இல் ஆமதாபாத்தில் திட்டமிடலுக்குத் தனிப் பள்ளி தோன்றியது. 1989இல் டில்லிப் பள்ளி, பள்ளியிறுதி முடித்த மாணவர் நேரே சேரக்கூடிய இளநிலைப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. 2008இல் போபாலிலும் விஜயவாடாவிலும் மத்திய அரசு அதே பெயரில் பள்ளிகளை அமைத்தது. இவ்வளவும் போதுமா? 2021ஆம் ஆண்டு செப்டம்பரில் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை கசப்பான கணக்கைத் தருகிறது. நாட்டிலுள்ள 7,933 நகர்ப்புறக் குடியிருப்புகளில் 65 விழுக்காட்டுக்கு மாஸ்டர் பிளான் என்பதே இல்லை. மாநில நகரமைப்பு இலாகாக்களில் நகரமைப்பாளருக்கென்று அனுமதிக்கப்பட்ட இடங்கள் 4,000க்கும் குறைவு. அவற்றிலும் ஏறத்தாழப் பாதி காலியாக இருந்தன. பல மாநிலங்களில் அப்பதவிக்கு நகரமைப்புப் பட்டம் இன்றியமையாத தகுதியாகவும் வைக்கப்படவில்லை. வைத்தியம் படிக்காதவரை ஆஸ்பத்திரியில் அமர்த்த யாரும் துணியமாட்டார்கள்.

இதெல்லாம் நமக்கு எவ்வளவு நெருக்கம் என்பதற்கு டில்லியிலேயே அத்தாட்சி உண்டு. ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரத்தில் ‘மதராஸி கேம்ப்’ என்று ஒரு குடியிருப்பு பல பத்தாண்டுகளாக இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த உழைப்பாளிகள் அங்கே வாழ்ந்தார்கள். பெண்கள் பலர் சுற்றுப்புற வீடுகளில் வேலை செய்தார்கள். பிள்ளைகள் பலர் அருகிலுள்ள தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் படித்தார்கள். வாய்க்கால் அடைபட்டு மழைக்காலத்தில் வெள்ளம் வருகிறது, தூர் வார வழி வேண்டும் என்ற காரணத்தின் பேரில், உயர் நீதிமன்ற ஆணைப்படி 2025 ஜூன் 1ஆம் தேதி அது அகற்றப்பட்டது. வாய்க்கால் ஓடத்தான் வேண்டும், அதை மறுப்பதற்கில்லை. சுமார் 370 வீடுகளில் 189 மட்டுமே மாற்று வீட்டுக்குத் தகுதி உடையவை என்று தீர்மானிக்கப்பட்டன. அந்த வீடுகளும் நகரின் வடகோடியில் நரேலாவில். தினக்கூலிக்குப் போகும் தாய், காலை ஐந்து மணிக்கு எந்தப் பஸ்ஸைப் பிடிப்பாள், பிள்ளை எந்தப் பள்ளியில் எந்த மொழியில் படிக்கும் என்பவை வரைபடத்தில் தெரியாத சங்கதிகள். அவற்றைத் தெருவில் நடந்து கேட்டுத்தான் அறிய முடியும். அப்படிக் கேட்பதையும் ஒருவருக்குக் கற்பிக்க முடியும். கெடிஸ் தஞ்சாவூர்ச் சந்துகளில் செய்து காட்டியது அதுதான். தாராவியில் திருநெல்வேலிச் சீமைத் தோல் பதனிடுவோர் வழியாக வேரூன்றிய நம்மவர்களுக்கும் இவ்விஷயம் புதிதன்று.

பிற மாநிலங்களில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் இத்துறைக்கு வருவது, என் எண்ணத்தில், மிகவும் பொருத்தம். இரண்டு மொழிகளில் கேட்கவும் மூன்று மொழிகளில் பேசவும் பழகிய பிள்ளை, தெருவில் இறங்கினால் சும்மா திரும்பி வராது. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்தவர்கள், தேசிய அளவில் நடக்கும் கூட்டு நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. மெயினில், திட்டமிடலுக்கென்றே உள்ள தாளை எழுதி இளநிலைப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். முதுநிலையிலோ கதவு இன்னும் அகலம். கட்டடக்கலை, பொறியியல் படித்தோரோடு புவியியலும் பொருளியலும் சமூகவியலும் படித்தோரையும் டில்லிப் பள்ளி சேர்த்துக்கொள்கிறது. 1919இல் பம்பாயில் ஒரே அறையில் உட்கார வைக்க நினைத்த அதே மாணவர்கள் இப்போது ஒரே வகுப்பில் சேர்ந்து, பயிற்சிக்காக ஒரு பேட்டையைத் தேர்ந்தெடுத்து, வீடு வீடாகச் சென்று கணக்கெடுக்கிறார்கள். அடுத்த முறை குறிப்புப் புத்தகத்தோடு ஓர் இளைஞனோ இளைஞியோ நம் வாசலில் வந்து நின்றால், உள்ளே அழைத்து உட்கார வைத்து, தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது என்பதிலிருந்து சொல்லத் தொடங்கலாம்.